பத்தொன்பது நாள் சீனியர்

ஜனவரி 12

சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இரண்டு வருஷம் கழித்து என்ன திடீர்ப் பாசம் என்று நினைக்காதே. பாசம் எல்லாம் இல்லை, ஆபீஸ் விஷயம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அப்படியே உனக்காகக் காத்திருக்கும்.

விஷயம் இதுதான். நம் பிசியோதெரபி துறையின் தலைவர், அதாவது மீசை, ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார். நீயும் நானும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கண் வைத்திருந்த அந்த ஒரே நாற்காலி காலியாகிறது. முழு ஆஸ்பத்திரிக்கும் கிரேடு ஒன்று அவர் ஒருவர்தான். மற்ற பதினோரு பேரும் கிரேடு இரண்டு. சேர்ந்த அன்றும் கிரேடு இரண்டு, ரிட்டயராகி மாலை போடும் அன்றும் கிரேடு இரண்டு. நடுவில் வருஷத்துக்கு ஒரு இன்கிரிமெண்ட், அதுவும் காய்ச்சல் மாதிரி கொஞ்சமாய் ஏறும். உனக்குத் தெரியாததா?

பணிமூப்புப் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது, இரண்டாவது என்னுடையது. நீ ஊதியமில்லா விடுப்பு போட்டுவிட்டு அயல்நாட்டுக்குப் போனாலும் உன் பெயர் போகவில்லை. செக்‌ஷன் கிளார்க் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், உங்க தங்கச்சி பேரு மேல நிக்குது. ஒண்ணு அவங்க வந்து சேரணும், இல்லன்னா ராஜினாமா குடுக்கணும். நடுவுல வேற வழியே கிடையாது. ஜூன் பதினஞ்சுக்குள்ள ஃபைல் முடியலன்னா வேற ஆஸ்பத்திரியில இருந்து ஆள் போட்டுருவாங்க."

வரப்போகிற ஆளுக்கு நாற்பது வயதுதானாம். எனக்கு நாற்பத்து மூன்று. அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. தகவல் சொன்னேன், அவ்வளவுதான். நீதான் போன சூட்டோடு கிரேடு ஒன்று ஆகிவிட்டாயே. அம்மா தெருமுனை மருந்துக்கடைக்காரரைக்கூட விடவில்லை. "என் சின்னவ அங்க கிரேடு ஒன்!" என்று அவரை நிறுத்தி வைத்துச் சொல்கிறாள். பக்கத்தில் கிரேடு இரண்டு பையோடு நின்றுகொண்டிருக்கும். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது.

அக்கா

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து படித்தேன். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்தது. முதல் பத்தியைப் படித்ததும் கோபம் வந்தது. நீ மாறவே இல்லை.

சரி, ஆபீஸ் விஷயமே பேசுவோம். முதலில் ஒரு உண்மை. அம்மாவிடம் மூச்சுவிடாதே. நான் கிரேடு ஒன்றுதான். ஆனால் இங்கே கீழேயிருந்து எண்ணுகிறார்கள். ஒன்று என்றால் அடிமட்டம். கல்லூரியை முடித்துவிட்டு நேராக வந்து சேரும் பிள்ளைகள் இருக்கும் இடம். நாலுதான் தலைமை. நான் பொய் சொல்லவில்லை. முதல் நாள் போனில் "கிரேடு ஒன்" என்று சொன்னேன், மறுமுனையில் அம்மா போட்ட சத்தத்தில் எனக்குத் திருத்த மனசு வரவில்லை. அப்புறம் ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

நான் கிளம்பிய அன்று வழியனுப்பக்கூட நீ வரவில்லை. முந்தின நாள் நீ சொன்னது மட்டும் என் கூடவே விமானம் ஏறியது. "அங்க போய் எடுபிடி வேலைதான் பார்ப்ப." அக்கா, அதைத்தான் பார்க்கிறேன். சந்தோஷமா?

இங்கே சம்பளப் பட்டியலை மைக்ரோவேவ் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கிரேடுக்குள்ளும் ஐந்து படி. வருஷத்துக்கு ஒரு படி தானாக ஏறும். ஐந்தாவதில் நின்றால் நின்றதுதான், தலைகீழாக நின்று வேலை பார்த்தாலும் அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. அடுத்த கிரேடுக்குப் போக இடம் காலியாக வேண்டும், விண்ணப்பம் போட வேண்டும், தேர்வுக் குழு முன்னால் உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் போடலாம், எத்தனை கிரேடு வேண்டுமானாலும் தாண்டலாம். யார் எப்போது சேர்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை. என் மேலதிகாரிக்கு இருபத்தெட்டு வயது. நாள் முழுக்க சூயிங்கம் மெல்லுவான். மூச்சுக்கருவியில் இருக்கும் நோயாளியைக் கட்டிலில் உட்கார வைக்கலாமா என்று நான் அவனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான், அக்கா!

டிசம்பரில் கிரேடு மூன்றுக்கு விண்ணப்பம் போட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மூத்த பிசியோ. கூப்பிட்டார்கள். கையில் இருந்தது நம் ஆபீஸ் கொடுத்த சர்வீஸ் சர்டிபிகேட். அதில் ஒரே வரி. "பன்னிரண்டு ஆண்டுகள், கிரேடு இரண்டு, நடத்தை திருப்தி." குழுவின் தலைவி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்: "பன்னிரண்டு வருஷமா ஏன் ப்ரமோஷனை வேண்டாம்னு சொன்னீங்க?"

சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். வேண்டாம் என்று யார் சொன்னது? மீசை எழுந்திருக்கவில்லை என்பதை எப்படி மொழிபெயர்ப்பது? இங்கே பன்னிரண்டு வருஷம் ஒரே கிரேடில் இருந்தால் வேலை தெரியாதவள் என்று அர்த்தம்.

எனக்கு நான் செய்த வேலையை விவரமாக எழுதி, துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம் வேண்டும். ராஜினாமா மட்டும் என்னால் முடியாது. இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றால் திரும்பி வர எனக்கு இருக்கும் ஒரே கயிறு அந்தப் பட்டியலில் இருக்கும் என் பெயர்தான். மன்னித்துக்கொள்.

சின்னவள்

*

பிப்ரவரி 20

சின்னவளுக்கு,

கிரேடு ஒன்று அடிமட்டமா? இரண்டு வருஷமாக உன்னை நினைத்து நான் வயிறெரிந்தது எல்லாம் வீணா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே.

சரி, நீ மனதில் இருப்பதைக் கொட்டினாய். நானும் கொட்டுகிறேன். பதினாலு வருஷம் மூடி வைத்தது. நமக்கு நியமன உத்தரவு வந்தது ஒரே தபாலில். எனக்குப் பாப்பா பிறந்து எட்டு நாள். நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "சேருறதுக்கு ஒரு மாசம் டைம் இருக்கு. நான் எழுந்து நடமாடட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா போய் சேரலாம்." தலையை ஆட்டினாய். ஒரே நாளில் சேர்ந்திருந்தால் வயதில் மூத்தவள் பட்டியலில் முதலில் வருவாள். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் நீ இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டாய்! நான் சேர்ந்தது அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து. அன்றையிலிருந்து நீ எனக்கு சீனியர். லீவு போடுவதற்குக்கூடப் பட்டியலில் உன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். எவளோ ஒருத்தி என்றால் போகட்டும். தூக்கி வளர்த்தவள் நான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாப்பாவிடம் சொல்ல முடியுமா, உன்னால்தான் என்று?

இப்போது உன் கடிதம். மீசையிடம் போய்க் கேட்டேன். தலையை மேலும் கீழும்கூட ஆட்டவில்லை. ரிட்டயர் ஆவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று விரதமாம். "ஒரு கையெழுத்து தப்பாப் போச்சுன்னா பென்ஷன் நின்னுடும்மா. கேன்டீன் டோக்கன்ல கூட நான் போடுறதில்ல." அப்படித்தான் இருக்கிறார். நான் என்ன செய்ய?

ஒன்று மட்டும். சர்டிபிகேட் கொடுத்தால் ராஜினாமா, ராஜினாமா கொடுத்தால் சர்டிபிகேட் என்று நமக்குள் பேரம் வேண்டாம். நீ ஆரம்பிக்காதே, நானும் ஆரம்பிக்க மாட்டேன். ஆனால் சூயிங்கத்திடம் கையெழுத்து வாங்குகிறாயா? நீயா? அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

ஆமாம். நான்தான் காத்திருக்கவில்லை.

உத்தரவு ரத்தாகிவிடும் என்று பயம், பஸ் கிடைத்தது, அம்மா போகச் சொன்னாள் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். எதுவும் நிஜமில்லை. எனக்கு அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வார்டில் நடந்து பார்க்க வேண்டும் என்று அவசரம். ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். சேர்ந்த தேதியை வைத்துப் பட்டியல் போடுவார்கள் என்று சத்தியமாக அன்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு மாற்ற வழியில்லை. மாற்ற முடியாததைப் பற்றிப் பேசப் பயந்து, பேசாமலே இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்கிறேன், பதினாலு வருஷம் தாமதமாக.

கிரேடு மூன்று இடத்துக்கு டிசம்பரில் யாரையும் எடுக்கவில்லை. மறுபடி அறிவிப்பு வந்திருக்கிறது. மே கடைசியில் தேர்வு. சூயிங்கம்தான் அறிவிப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "நீங்க போடலன்னா நான் உங்களோட பேச மாட்டேன்" என்றான். நல்ல பையன், மெல்லும் சத்தம்தான் தாங்க முடியவில்லை.

என் கூட வேலை பார்க்கும் ஒருத்தி வேறொரு நாட்டிலிருந்து வந்தவள். அவர்கள் ஊரில் கிரேடே கிடையாதாம். எத்தனை நோயாளி பார்க்கிறாயோ அத்தனை கூலி. அவள் அங்கே ஒரு நாளைக்கு நாற்பது முதுகு பார்த்திருக்கிறாள். இங்கே வருஷம் பிறந்தால் படி ஏறும் என்றதும் அவளால் நம்ப முடியவில்லை. "நோயாளி வரலன்னாலுமா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஒரே இடுப்புவலி, ஒரே பயிற்சி, ஆளுக்கொரு கணக்கு.

மீசை கையெழுத்துப் போடமாட்டார் என்றால் விடு. நான் வெறுங்கையோடு போய் உட்காருகிறேன்.

சின்னவள்

*

ஏப்ரல் 3

வாலுக்கு,

இதோடு இருக்கும் பார்சலைப் பத்திரமாகப் பிரி. முதலில் ஏழு பக்கக் கடிதம். கடைசிப் பக்கத்தில் பார், யார் கையெழுத்து? மீசை. முத்திரை நேராக விழுந்திருக்கிறதா? இரண்டு தடவை ஊதிக் காயவைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டோர் ரூமில் உடைந்த வாக்கர்களுக்குப் பின்னால் நம் துறையின் பழைய ரெஜிஸ்டர்கள் கிடந்தன. பன்னிரண்டு வருஷத்து மொத்தமும் இருந்தது, கொஞ்சம் எலி தின்றது போக. மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தும்மித் தும்மி மூக்கு வீங்கிவிட்டது. நீ தீவிர சிகிச்சைப் பிரிவைத் தனியாகப் பார்த்துக்கொண்டது ஏழு வருஷம், தெரியுமா? எனக்கே தெரியாது, உனக்கும் தெரிந்திருக்காது. பயிற்சிக்கு வந்த மாணவர்களில் நீ சொல்லிக்கொடுத்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பஸ் கவிழ்ந்த அன்று ஒரே நாளில் முப்பத்தொரு பேர், அந்தப் பக்கம் முழுக்க உன் கோழிக்கிறுக்கல்.

அப்புறம் தீக்காய வார்டு. கை விரல் சுருங்காமல் இருக்கப் போடும் தாங்கிக்கு ஆபீஸில் பணம் இல்லை என்று சொன்னார்கள். நீ தண்ணீர்க் குழாயை வாங்கி வந்து, வெந்நீரில் போட்டு இளக்கி, வெட்டி வளைத்துச் செய்து போட்டாயே, அதற்கு ஒவ்வொன்றுக்கும் நோயாளி எண்ணோடு பதிவு இருக்கிறது. முந்நூற்று நாற்பத்தாறு கை. இதை எல்லாம் செய்தவள் கிரேடு இரண்டு, நடத்தை திருப்தி!

எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதி டைப் அடித்து மீசையிடம் கொண்டுபோனேன். விரதம் கலையவில்லை. உனக்குத் தெரியாத ஒரு சங்கதி சொல்கிறேன். அவருக்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க முடியாது. துறைத் தலைவருக்கே தோள்பிடிப்பு என்று வெளியில் சொல்ல வெட்கம். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் நான்தான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று அவரைப் படுக்கவைத்து, கையை மெல்ல மேலே கொண்டுபோய், வலி ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

"சார், அந்தக் கடிதம்."

"அம்மா, பென்ஷன்மா..."

"இன்னும் அஞ்சு டிகிரி ஏத்தட்டுமா?"

"ஐயோ, இது அநியாயம்!"

"பன்னெண்டு வருஷம் உங்க துறையைத் தூக்கி நிறுத்தினவ, சார். அவளை அங்க வேலை தெரியாதவன்னு நினைக்கிறாங்க. அது உங்களுக்கும்தானே அவமானம்?"

கையைக் கீழே இறக்கச் சொன்னார். பிறகு, "நல்ல பொண்ணு அது. போகும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றார். அதுதான் அவருடைய வருத்தமாம். எழுந்து உட்கார்ந்து, அந்தக் கையாலேயே மேல் அலமாரியைத் திறந்து முத்திரையை எடுத்தார். எடுத்த பிறகுதான் இருவரும் கவனித்தோம். மேல் அலமாரி! கை காதுக்கு மேலே போயிருக்கிறது! மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் மறுபடியும் அந்த அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

பார்சலில் துணியில் சுற்றி இருப்பது நீ செய்த குழாய்த் தாங்கி ஒன்று. ரெஜிஸ்டர்களுக்கு அடியில் கிடந்தது. வெறுங்கையோடு உட்காராதே.

இதற்குப் பதிலாக எனக்கு எதுவும் வேண்டாம். ராஜினாமா என்ற வார்த்தையை எழுதினால் அடிப்பேன்.

அக்கா

*

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

கூட இருக்கும் உறையில் என் ராஜினாமா. மூன்று பிரதி, மூன்றிலும் கையெழுத்து. கிளார்க் குற்றம் சொல்ல முடியாதபடி தேதி போட்டிருக்கிறேன்.

தேர்வு முடியும்வரை பொறுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் தோன்றியது, ஜெயித்த பிறகு கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது? வேண்டாத சட்டையைத் தூக்கிக் கொடுப்பது மாதிரி ஆகிவிடும். எனக்கு வேண்டியிருக்கும்போதே கொடுக்கிறேன்.

பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. இங்கே ஐந்தாவது படியில் ஏறி நின்று அங்கேயே கிழவியானாலும் ஆகட்டும். நீ அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே உன் கை மாதிரி ஒரு கை கிடையாது, அது எனக்கும் தெரியும், வார்டில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டு வரும் முட்டிவலிக் கூட்டத்துக்கும் தெரியும். பட்டியலுக்கு மட்டும்தான் தெரியாது.

சின்னவள்

*

ஏப்ரல் 19

பைத்தியமே,

உனக்கு மூளை இருக்கிறதா, அல்லது அதையும் அங்கே விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்களா? யார் கேட்டார்கள் உன்னை? நான் எழுதினேனா இல்லையா, அடிப்பேன் என்று? தேதியைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நாளில் தபால் பெட்டிக்குப் போயிருக்கிறோம். அம்மா வயிற்றில் பிறந்த இரண்டுமே திருந்தாத ஜென்மம்.

உன் உறை என் கைப்பையில் இருக்கிறது. கிளார்க்கிடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அவர் தினமும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறார். நான் ஜன்னலைப் பார்க்கிறேன். நீ தேர்வு முடித்து எனக்குச் சொன்ன பிறகு பார்க்கலாம். நீ தோற்றால் கிழித்துப்போட்டுவிட்டு உன்னை இங்கே வரவழைத்து அந்த நாற்காலியில் உட்காரவைத்து, உன் கீழேயே ரிட்டயர் ஆவேன். முறைத்துக்கொண்டேதான் ஆவேன், அது வேறு.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் ஏழெட்டு தடவை படித்தேன். பாப்பா பார்த்துவிட்டாள். "ஏம்மா அழற?" என்றாள். தூசி என்றேன். பதினாலு வயதுப் பெண் அதை நம்புமா? கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, விடாமல் கேட்டு முழுக் கதையையும் என்னிடமிருந்து வாங்கிவிட்டாள். இப்போது பத்தொன்பது நாள் கதை அவளுக்கும் தெரியும். "என் மேல தப்பில்ல, சித்தி மேலதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, உன் தேர்வுத் தேதியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறாள்.

போய் ஜெயித்துவிட்டு வா.

அக்கா

*

மே 29

அக்கா,

நேற்று போனில் நான் சொன்னது உனக்குப் புரிந்திருக்காது. நான் அழுதேன், நீ கத்தினாய், நடுவில் அம்மா பிடுங்கிக்கொண்டாள். அதனால் ஒழுங்காக எழுதுகிறேன்.

அதே அறை, அதே தலைவி, கூட இன்னும் இரண்டு பேர். அதே கேள்வியோடு ஆரம்பித்தாள். "பன்னெண்டு வருஷம் ஒரே கிரேடு." இந்தத் தடவை நான் தயார். "எங்க ஊர்ல பதினோரு பேருக்கு மேல ஒரே ஒரு பதவி. அதுல இருக்கிறவர் ஓய்வு பெற்றாதான் அடுத்தவருக்கு. கிரேடு எங்க கையில இல்ல. வேலை எங்க கையில இருந்தது. அது இதுல இருக்கு" என்று உன் ஏழு பக்கத்தை மேஜையில் வைத்தேன்.

மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். ஒருவர் முந்நூற்று நாற்பத்தாறு என்பதில் விரலை வைத்து, "இது அச்சுப் பிழையா?" என்றார். நான் பையிலிருந்து குழாய்த் தாங்கியை எடுத்தேன். அக்கா, நீ அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்! தலைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கையில் மாட்டிப் பார்த்தாள். விரலை மடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இது தண்ணிக் குழாயா?" என்றாள். "ஆமா. வெந்நீர் இருந்தா இப்பவே ஒண்ணு செஞ்சு காட்டுறேன்" என்றேன். திமிர்தான். உன் ஏழு பக்கம் கையில் இருந்தால் யாருக்குத்தான் திமிர் வராது? அதற்கப்புறம் அவர்கள் என்னைச் சோதிக்கவில்லை, என்னிடம் பாடம் கேட்டார்கள். அரை மணி நேரத்துக்கு என்று கூப்பிட்டது ஒன்றேகால் மணி நேரம் போயிற்று.

சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். கிரேடு மூன்று. ஒரே தாவலில் இரண்டு! அதன் முதல் படிச் சம்பளமே கிரேடு இரண்டின் உச்சிப்படிக்கு மேலே. சூயிங்கம் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் கிரேடு இரண்டு, இனிமேல் என்னிடம் அவன் கையெழுத்து வாங்க வேண்டும். "முதல் உத்தரவு என்ன?" என்றான். "வாயில இருக்கிறதைத் துப்பு" என்றேன்.

கைப்பையில் இருக்கும் உறையை இன்றைக்கே கிளார்க்கிடம் கொடு என்று போனிலேயே நாலு தடவை சொன்னேன். நீ கொடுத்திருப்பாய் என்று நம்புகிறேன். கொடுக்காவிட்டால் இனிமேல் நான் அடிப்பேன்.

வாலு

*

ஜூலை 1

என் வாலுக்கு,

துறைத் தலைவர் எழுதுகிறேன்!

இன்று காலை பத்து மணிக்குப் பொறுப்பேற்றேன். ஃபைல் ஜூன் பதினான்காம் தேதி, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் முடிந்தது. கிளார்க் உன் ராஜினாமாவை வாங்கும்போது, "மூணு பிரதியா? உங்க குடும்பத்துக்கு ஆபீஸ் வேலை ரத்தத்துல ஓடுது" என்றார். மீசை கிளம்பும்போது எல்லோருக்கும் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக் காட்டிக்கொண்டே போனார். பென்ஷன் நிற்கவில்லையாம். உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார். அவருக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடு.

சம்பளத்தைக் கேள். பதினாலு வருஷம் காத்திருந்து கிரேடு மாறியதற்கு ஒரே ஒரு இன்கிரிமெண்ட். மாதம் ஒரு ஜோடி செருப்பு வாங்கலாம், அதுவும் தள்ளுபடியில். உன்னுடைய ஒரு தாவலைக் கேட்டுவிட்டு என்னுடையதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வரட்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், கதவைச் சாத்திவிட்டுத்தான். அழுதேன், அதையும் சாத்திவிட்டுத்தான். அப்புறம் கதவைத் திறந்து முதல் வேலையாக எல்லோரையும் கூப்பிட்டேன். இனிமேல் என் துறையில் யாருக்குச் சர்டிபிகேட் கொடுத்தாலும் ஒரு வரி கிடையாது. அவரவர் செய்த வேலை ஒவ்வொரு வருஷமும் பெயரோடு எழுதப்படும், நான் கையெழுத்துப் போடுவேன். கிரேடு என் கையில் இல்லை, எழுதுவது என் கையில் இருக்கிறது. உன் வார்த்தைதான், திருடிக்கொண்டேன்.

அம்மாவிடம் கிரேடு ஒன்று, மூன்று கதையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் குழம்பினாள். பிறகு மருந்துக்கடைக்குப் போய், "பெரியவ கிரேடு ஒன், சின்னவ கிரேடு த்ரீ, ரெண்டும் உசத்தி. உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நீ எப்போது சேருகிறாய்? போனில் மூன்று தடவை கேட்டேன், மழுப்புகிறாய். ஏதாவது சிக்கலா? மறைக்காமல் எழுது.

அக்கா

*

ஜூலை 20

அக்காவுக்கு,

சிக்கல் எதுவும் இல்லை. இன்று காலை சேருகிறேன். புதுக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன்.

தேர்வு முடிந்த அன்றே சேரும் தேதி கேட்டார்கள். ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் சேரலாம், முன்னால் சேர்ந்தால் சம்பளமும் முன்னால். நான் இருபதாம் தேதி என்று எழுதிக் கொடுத்தேன். சூயிங்கத்துக்குத் தாங்கவில்லை.

"ஏன் இவ்வளவு தள்ளிப் போடுறீங்க? ஊருக்குப் போறீங்களா?"

"இல்ல. எங்க அக்கா ஒண்ணாம் தேதி தலைவரா சேருறாங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவங்களும் இங்கதான் வேலை செய்றாங்களா?"

"இல்ல, வேற நாட்டுல. ஆனா அவங்களுக்கு முன்னாடி நான் சேர மாட்டேன்."

மெல்லுவதையே நிறுத்திவிட்டான். விளக்கம் சொல்லவில்லை. சொன்னாலும் அவனுக்குப் புரிந்திருக்காது.

உனக்குப் புரியும். ஜூலை ஒன்றிலிருந்து எண்ணிப் பார், சரியாகப் பத்தொன்பது நாள். இந்தத் தடவை காத்திருந்தேன், அக்கா. இனிமேல் எந்த ஊர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் நீதான் எனக்கு சீனியர்.

நேரமாகிவிட்டது. கிளம்பட்டுமா?

உன் ஜூனியர்